நீங்கள் யூதர் என்று உங்களுக்கு எப்போது உறைத்தது? (விவாத இழை)

தாணே_மீனா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். வாழ்க்கைப்பட்டது பெனே இஸ்ரேல் குடும்பத்தில், அதாவது மராத்தி பேசும் இந்திய யூதர்கள். வீட்டுக்காரர் யூதர், நான் மதம் மாறவில்லை. ஆனாலும் பெரிய பண்டிகைகளுக்கெல்லாம் மாமியாரோடு ஜெப ஆலயத்துக்குப் போய் மாடியில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்துகொள்வேன்.

போன வாரம் தொழுகை முடிந்து கீழே டீ குடிக்கும்போது பெரியவர்களுக்குள் ஒரு பேச்சு. "நாம யூதர்னு உனக்கு மொதல்ல எப்போ உறைச்சது?" என்று ஒருவர் கேட்க, ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு மாமா, 2008 நவம்பர் 26 என்றார். மும்பையில் யூத மையமான நரிமன் ஹவுஸ் தாக்கப்பட்ட நாள். அதுவரை மும்பையில் யூதனாக இருப்பதற்காக அவர் ஒரு நிமிஷம்கூடப் பயந்ததில்லையாம். அதற்கப்புறம் ஜெப ஆலய வாசலில் போலீஸ், பையைத் திறந்து காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். "எங்கப்பா கையப் பிடிச்சு ஓடிவந்த வாசல்ல நின்னு பையத் திறந்து காட்டினேன் பாரு, அப்போ" என்றார். பக்கத்தில் இருந்த பாட்டி அலட்டிக்கொள்ளவே இல்லை. "எனக்கு மலீதா தட்டுதான். அந்த ஏலக்காய் வாசனை வந்தா நான் யூதப் பொண்ணு, அவ்வளவுதான்" என்றுவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். (மலீதா என்பது தேங்காயும் ஏலக்காயும் சேர்த்த இனிப்பு அவல், பிரார்த்தனைக்கு வைப்பது.)

என் மகள் அங்கேதான் நின்றிருந்தாள். அடுத்த வருஷம் பன்னிரண்டு முடிகிறது, அதாவது பாத் மிட்ஸ்வா வயது, யூதப் பெண்பிள்ளை மதக் கடமைகளை ஏற்கும் வயது. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் கேட்டாள்: "அப்போ நான்?" அப்பா வழியில்தானே அவள் யூதர். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு ரப்பி (யூத மதகுரு) முன்பு ஒருமுறை, அம்மா யூதர் இல்லையென்றால் குழந்தையும் இல்லை என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். மாமியார் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த மன்றத்தில் யூதர்கள், யூதக் குடும்பத்தில் வாழ்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். சட்டம் எனக்குத் தெரியும், கூகுளே சொல்லிவிடும். உங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

---

பெரம்பூர்_பென்னி

மீனா அக்கா, நானும் பெனே இஸ்ரேல்தான். ஆனா பொறந்து வளர்ந்தது பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். எங்காளுங்க வெள்ளைக்காரன் காலத்துலயே ரயில்வே, தபால், பட்டாளம்னு ஊர் ஊராப் போயிட்டாங்க. அப்படித்தான் எங்க தாத்தா மெட்ராஸ் வந்தாரு. வீட்டுல மராத்தி, தெருவுல தமிழ், பிரார்த்தனைக்கு ஹீப்ரு. ஜெப ஆலயம்னு ஒண்ணு மெட்ராஸ்ல கிடையாது. பவழக்காரத் தெருன்னு ஒரு தெரு இருக்கு, லாயிட்ஸ் ரோடு பக்கம் ஒரு சின்ன கல்லறைத் தோட்டம் இருக்கு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி வைரமும் பவழமும் யாவாரம் பண்ண வந்த போர்ச்சுகீசு யூதருங்க விட்டுட்டுப் போனது.

ஸ்கூல்ல பெஞ்சமின்னு பேர் சொன்னா அடுத்த கேள்வி "எந்தச் சர்ச்சுப்பா?" சர்ச் இல்லைன்னா "பெந்தகோஸ்தேவா?" ஃபாரத்துல மதம்ங்கிற எடத்துல கிளார்க் "மற்றவை"ன்னு எழுதுவாரு. ரொம்ப நாள் வரைக்கும் என் மதத்தோட பேரே மற்றவைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.

எங்க ஓய்வு நாள் சனி, அது வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொடங்கிடும். அன்னிக்கு அப்பா ஒர்க்‌ஷாப்ல இருந்து வந்து, நகத்துக்குள்ள இருக்கிற கிரீஸ் போற வரைக்கும் கையத் தேய்ப்பாரு. அம்மா காலையிலயே கறுப்பு திராட்சைய ஊறப் போட்டிருப்பாங்க. அதைக் கசக்கி, வெள்ளைத் துணியில வடிகட்டுனா ஷர்பத். அதுதான் ஓய்வு நாள் ஆசீர்வாதத்துக்கு எங்களுக்கு கிட்டுஷ் பானம், ஒயினுக்குப் பதில். கொங்கணக் கடற்கரையில ஒயினுக்கு எங்க போறது, அங்க ஆரம்பிச்ச பழக்கம். எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி அப்பா பிரார்த்தனை சொல்லுவாரு. ஷெமா, அதாவது இறைவன் ஒருவனேங்கிற பிரார்த்தனை, வரும்போது மட்டும் அவர் குரல் மாறும்.

யோம் கிப்பூர், அதான் பாவமன்னிப்பு விரத நாள், அன்னிக்குக் கதவு சாத்திடுவோம். மராத்தியில அதுக்குப் பேரே கதவடைக்கிற பண்டிகை, தர்ஃபால்னிச்சா சண். வெள்ளை உடுத்தி, தண்ணிகூடக் குடிக்காம, வெளியாள் யாரையும் பாக்காம இருக்கணும். ஒரு வருஷம் மத்தியானம் எதிர்வீட்டு அக்கா கதவத் தட்டுனாங்க. காலையில இருந்து ஆள் நடமாட்டமே இல்லையே, கேஸ் கீஸ் லீக் ஆயிடுச்சோன்னு பயம் அவங்களுக்கு. அப்பா திறக்கல. அவங்க கத்தி ஊரக் கூட்டிட்டாங்க. கடைசியில அம்மா ஜன்னல்கிட்ட வந்து கையக் காட்டி உள்ள போயிட்டாங்க. மறுநாள் போய் விளக்கிச் சொன்னாங்க. அடுத்த வருஷத்துல இருந்து கிப்பூர் அன்னிக்கு அந்த அக்கா எங்க வாசப்படிக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க. பால்காரர், கேபிள்காரர், சீட்டுப்பணம் கேக்க வர்றவங்க, ஒருத்தரையும் கிட்ட விடமாட்டாங்க. "அவங்களுக்கு இன்னிக்கு விரதம், நாளைக்கு வா."

என்னை யூதனா உணர வெச்சது எந்த ரப்பியும் இல்ல. ஒரு தமிழ் அக்கா, முருகன் டாலர் போட்டவங்க.

பாப்பா விஷயத்துக்கு அப்புறம் வர்றேன். அதுல நான் கொஞ்சம் பழைய ஆளு, கோச்சுக்காதீங்க.

---

காவேரிக்கரை

நான் இன்னொரு வழியாக உள்ளே வந்தவள். கும்பகோணத்துக்காரி, இப்போது நியூஜெர்சி. கல்யாணத்துக்காக மாறினேன் என்று ஊரில் பேச்சு. உண்மையில் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் மாறினேன், வீட்டுக்காரர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. படிப்பு, மூன்று பேர் முன்னால் கேள்வி பதில், மிக்வே என்கிற சடங்குக் குளத்து நீரில் முங்கி எழுவது எல்லாம் முறைப்படி நடந்தது. ஆப்ரஹாமின் மகள், சாராவின் மகள் என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்குச் சந்தோஷம்தான், ஆனால் மீனா கேட்கிற மாதிரி உறைத்ததா என்றால் இல்லை.

உறைத்தது அப்பா போனபோது. ஊருக்குப் போனேன். காரியம் எல்லாம் தம்பி செய்தான், நான் பெண், அதிலும் வேறு மதம், ஓரமாக நின்றேன். யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை, காவிரிக்கரையில் எனக்கு ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான். திரும்பி வந்ததும் எங்கள் ரப்பியிடம் கேட்டேன், யூதர் அல்லாத அப்பாவுக்கு நான் கடிஷ், அதாவது இறந்தவருக்காகச் சொல்லும் பிரார்த்தனை, சொல்லலாமா என்று. அம்மா அப்பாவுக்குச் செய்கிற மரியாதையை மதம் மாறியது ரத்து செய்யாது, தாராளமாகச் சொல் என்றார்.

கடிஷ் அராமிய மொழியில் இருக்கும். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்க இறைவனின் புகழ். பெற்றோருக்குப் பதினோரு மாதம் சொல்ல வேண்டும், தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் வேண்டும், அதுதான் மின்யான். எங்களுடையது கன்சர்வேடிவ் பிரிவு, பழமைவாத ஆர்த்தடாக்ஸுக்கும் சீர்திருத்தப் பிரிவுக்கும் நடுவில் இருப்பது, 1973-இலேயே பெண்களையும் பத்தில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தவர்கள்.

வார நாளில் காலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் சேர்வது லேசில்லை. பனி கொட்டிய ஒரு காலை ஒன்பது பேர்தான். வாட்ஸ்அப் குழுவில் "ஒருவர் தேவை" என்று போட்டார்கள். கால் மணி நேரம் கழித்து எண்பதைத் தாண்டிய ஒரு மனிதர், பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். ஹிட்லர் காலத்து யூதப் படுகொலையான ஹோலோகாஸ்டில் தப்பிய குடும்பம் அவருடையது. என் அப்பா பேரைக் கேட்டார். "ராமசாமி" என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழுந்து "யித்கடல் வெயித்கடஷ்" என்று ஆரம்பித்தேன், ஒன்பது பேரும் பதில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் குழுவில் "ஒருவர் தேவை" என்று வந்தால் நான் கிளம்பிவிடுகிறேன். தோசை கல்லில் இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு.

---

கரிசல்காட்டான்

எல்லாம் நல்லாத்தான் எழுதுறிய. ஆனா ஒரு சந்தேகம். அம்மா வழின்னா உண்டு, அப்பா வழின்னா இல்லங்கிறது, பிறப்புல வர்றது, கல்யாணத்துல பாக்கிறது, இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச சமாச்சாரந்தானெ? சாதின்னு சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு அடையாளம் அனுபவம்னு பெரிய பேச்சு?

---

மட்டாஞ்சேரிக்காரன்

கரிசல் அண்ணாச்சி கேட்டது சரியான கேள்வி. நான் யூதன் இல்லை, கொச்சியில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். யூதத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டியது. சீனத்துத் தரை ஓடு, பெல்ஜியம் கண்ணாடி விளக்கு என்று டூரிஸ்ட்டுகள் படம் பிடித்துத் தள்ளுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நம்ம ஊர்க் கோயில் மாதிரியே. அதே ஆலயத்தில் ஒரு பிரிவு யூதர்களுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார உரிமை இல்லாமல் இருந்தது. மெஷுக்ராரிம் என்பார்கள், அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வம்சம் என்று. வாசல் பக்கத்தில்தான் இடம், வேதமான தோராவை வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். முன்பிருந்தே இங்கே இருந்த மலபார் யூதர்களோடு, பின்னால் வெளியிலிருந்து வந்த பரதேசி யூதர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பிரிவில் பிறந்தவர்தான் ஏ.பி. சேலம். சென்னையில் படித்து வக்கீலானவர், கொச்சி சட்டசபையிலும் இருந்தார். காந்தி வழியிலேயே ஜெப ஆலயத்துக்குள் சத்தியாகிரகம் செய்தார், ஊரே யூத காந்தி என்றது. உரிமைகள் ஒவ்வொன்றாகத்தான் கிடைத்தன. ஆனால் ஒன்று, அவர் ஆலயத்தை விட்டுப் போய்விடவில்லை. உள்ளே உட்கார விடு என்றுதான் போராடினார். நீ யூதன் இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு அது கெட்டிப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆக, சாதி உள்ளே வந்தது உண்மை. நம் மண்ணில் எதற்குள்தான் வரவில்லை? ஆனால் வெளியிலிருந்து ஒருத்தர் படித்து, மிக்வேயில் முங்கி உள்ளே வரலாம் என்று வழி இருக்கிறதே, காவேரிக்கரை அக்கா வந்த மாதிரி. எந்தச் சாதியில் அண்ணாச்சி அப்படி ஒரு வாசல் இருக்கிறது?

  

---

கரிசல்காட்டான்

வாசல் உள்ள சாதி. சரி, ஒத்துக்கிடுதென். பாதி மட்டும்.

---

பெரம்பூர்_பென்னி

மட்டாஞ்சேரி சார், எங்ககிட்டயும் இருந்துச்சு. அம்மா அப்பா ரெண்டு பேரும் யூதர்னா "கோரா", கலப்புன்னா "காளா". ஒண்ணாச் சாப்பிடக்கூட மாட்டாங்கன்னு பாட்டி சொல்லியிருக்காங்க. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

வேடிக்கை என்னன்னா, இதே கேள்விய எங்க மொத்த சமூகத்தையும் பாத்துக் கேட்டாங்க. இஸ்ரேலுக்குப் போன எங்காளுங்க அங்க கல்யாணம் பண்ணப் போனா, உங்க பாட்டி, பாட்டியோட பாட்டி எல்லாம் யூதரான்னு விசாரிக்கச் சொல்லி 1962-ல தலைமை ரப்பி அலுவலகம் உத்தரவு போட்டுச்சு. பெனே இஸ்ரேலுக்குன்னே தனியா. ஆயிரம் ரெண்டாயிரம் வருஷம் சனிக்கிழமை செக்கு ஓட்டாம இருந்தவங்க நாங்க. கொங்கணத்துல எங்களுக்குப் பேரே சனிக்கிழமை எண்ணெய்க்காரங்க, ஷனிவார் தேலி. எந்தக் காகிதத்தைக் காட்டுறது? எங்க பெரியப்பா அப்போ ஜெருசலேம்ல உக்காந்து போராடுனவர். 1964-ல இஸ்ரேல் நாடாளுமன்றம் கூடி, இவங்க எல்லா விதத்திலயும் யூதர்தான்னு சொன்ன பிறகுதான் அடங்குச்சு. பெரியப்பா சாகுற வரைக்கும் அந்த நியூஸ்பேப்பரத் தகரப்பெட்டியில வெச்சிருந்தாரு.

இப்போ மீனா அக்கா பொண்ணு. எங்க பெரியப்பாவ அப்படிக் கேட்டப்ப வலிச்சுதுல்ல, அதே கேள்விய ஒரு கொழந்தைய நான் கேக்க முடியுமா? முடியாதுதான். ஆனா என் மனசுல இருக்கிறதையும் சொல்லிடறேன்: முறைப்படி கியூர், அதான் மதம் மாறுற சடங்கு, பண்ணிடுங்க. வெறுப்புல சொல்லல. நாளைக்கு அவ எந்த ஊர் ஜெப ஆலயத்துக்குப் போனாலும் ஒருத்தனும் கேள்வி கேக்கக்கூடாது.

---

காவேரிக்கரை

பென்னி, அன்பாகத்தான் சொல்கிறீர்கள், ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் சீர்திருத்தப் பிரிவு 1983-இலேயே, அப்பா யூதராக இருந்து குழந்தை யூதராகவே வளர்ந்தால் போதும் என்று முடிவெடுத்துவிட்டது. எங்கள் பிரிவு அதை ஏற்கவில்லை, ஆர்த்தடாக்ஸும் ஏற்கவில்லை, அது தெரியும். ஆனால் யாருமே கேள்வி கேட்காத யூதர் என்று ஒருவர் எங்கே இருக்கிறார்? என்னை இன்றைக்கும் இஸ்ரேலிய ரப்பி அலுவலகம் ஏற்காது, மாறியது கன்சர்வேடிவ் வழியில். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி கிடையாது.

அதோடு, அடையாளம் என்று ஜனங்கள் எதை நினைக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2020-இல் அமெரிக்க யூதர்களிடம், யூதராக இருப்பதற்கு எது இன்றியமையாதது என்று கேட்டது. ஹோலோகாஸ்டை நினைவில் வைத்திருப்பது என்று 76 சதவீதம், நேர்மையான வாழ்க்கை என்று 72 சதவீதம். மதச் சட்டத்தைக் கடைப்பிடிப்பது என்றவர்கள் 15 சதவீதம்தான். நகைச்சுவை உணர்வு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கியிருக்கிறது! மதச்சட்டப்படி நடக்கிற என் மாமனார் இதைப் படித்துவிட்டு, "அந்த நகைச்சுவையே எங்க சட்டத்தைப் படிச்சு நொந்ததுல வந்ததுதான்" என்றார்.

---

வெள்ளைப்புறா77

இவ்வளவு பேசுறீங்களே, காசாவுல நடந்தது பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல?

---

நெறியாளர்

அதற்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே எழுதுங்கள். இங்கே வேண்டாம்.

---

பெரம்பூர்_பென்னி

நெறியாளர் சார், ஒரே ஒரு பதில், அப்புறம் நிறுத்திக்கிறேன். புறா அண்ணே, எனக்கும் காசாக் கொழந்தைங்க படத்தப் பாத்தாத் தூக்கம் வர்றதில்ல. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல்ல செத்தவங்க, கடத்திட்டுப் போனவங்கள நெனச்சாலும் அதே கதிதான். எங்க சொந்தக்காரங்களுக்குள்ளயே இதுல நாலு கட்சி. ஆனா நான் திராட்சை ஷர்பத் பத்தி எழுதுறேன், நீங்க அங்க ஒரு அரசாங்கம் பண்ணதுக்கு இங்க எங்கிட்டக் கணக்கு கேக்குறீங்க பாருங்க, இதுவும் இந்த இழைக்குச் சேர்ந்ததுதான். மொத வரியில என்ன கேட்டாங்க? எப்போ உறைச்சதுன்னு. எனக்கு இந்த ரெண்டு மூணு வருஷமா ஆபீஸ் கேன்டீன்ல தினம் உறைக்குது.

---

பீர்ஷெபா_ஆய்வாளன்

பார்த்துக்கொண்டே இருந்தேன், நானும் எழுதிவிடுகிறேன். தஞ்சாவூர்க்காரன், இஸ்ரேலில் பீர்ஷெபாவில் ஆராய்ச்சி. யூதன் அல்ல. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெவாத்தீம் என்ற கிராமம், 1950-களில் கொச்சியிலிருந்து வந்தவர்கள் நெகேவ் பாலைவனத்தில் குடியேறிய இடம். ஜெப ஆலயம் கொச்சி முறையிலேயே இருக்கும்.

அங்கே ஒரு மூதாட்டிக்கு நான் தஞ்சாவூர் என்றதும் ஒரே சந்தோஷம். மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் பேசினேன், முக்கால்வாசி ஓடியது. சின்னப் பிள்ளையாக அங்கே இருந்தபோது அவர் ஜூதப் பெண், இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து ஹோடித், அதாவது இந்தியாக்காரி. "அவ்விடெயும் வேற, இவ்விடெயும் வேற" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மலையாளப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். கல்யாணப் பாட்டு, நடுநடுவே ஹீப்ரு. இந்தப் பாட்டுகளைப் பெண்கள்தான் நோட்டில் எழுதி எழுதிக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். பேத்தி வாசலில் நின்று செல்போனில் பதிவு செய்தாள், ஒரு சொல்லும் அவளுக்குப் புரியவில்லை என்றாள். அவளுடைய அப்பா மொராக்கோ வழி. அவளைக் கேட்டால் தான் இஸ்ரேலி என்பாள், அதற்குமேல் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்கத் தேவையில்லாமல் இருப்பதும் ஒரு வசதிதான்.

திமோனா பக்கம் போனால் பெனே இஸ்ரேல்காரர்கள் கடையில் மிக்சரும் ஜிலேபியும் கிடைக்கும். பென்னி வந்தால் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன்.

---

தாணே_மீனா

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேலைக்கு நடுவில் படித்துக்கொண்டே இருக்கிறேன். பென்னி, கோபமெல்லாம் இல்லை, வீட்டுக்காரரே பாதி நாள் நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறார். காவேரிக்கரை எழுதியதை மாமியாருக்கு மராத்தியில் சொன்னேன். அந்த பைஜாமா மனிதர் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அவர் பெயர் என்ன என்று கேட்டார். பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்ளவாம்.

வீட்டில் ஒரு வழியாகப் பேசிவிட்டோம். கியூரா இல்லையா என்பதை இப்போது முடிவு செய்யப் போவதில்லை. அதை அவள் வளர்ந்து, அவளே சொல்லட்டும். ஆனால் ஹீப்ரு எழுத்து கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள், தாத்தாவிடம். அவர் கண்டிப்பான ஆள், ஷெமாவைத் திக்காமல் சொல்லும்வரை பலகாரம் கிடையாது. பாத் மிட்ஸ்வா என்று பெயர் வைக்காமல், பிறந்தநாளுக்கு எலியாஹு ஹனாவியை (எலியா தீர்க்கதரிசியை) நினைத்து வீட்டில் மலீதா வைக்கலாம் என்று மாமியார் யோசனை. மலீதாவுக்கு யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. செம்பூரிலிருந்து என் அம்மா அப்பாவும் வருகிறார்கள். அம்மா இப்போதே, அவல்தானே, நான் கலக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நாற்பது பேர் வருவார்கள். இதுவரை மாமியார் கைப்பக்குவத்தில் நடந்ததால் அளவு எனக்குத் தெரியாது, அவரைக் கேட்டால் "கண்ணால பாத்துப் போடு" என்கிறார். யாராவது சொல்லுங்கள்.

---

பெரம்பூர்_பென்னி

நாப்பது பேருக்கு மூணு கிலோ அவல் வாங்குங்க. மெல்லிசு வேணாம், கொழகொழன்னு ஆயிடும், நடுத்தரமா இருக்கணும். தண்ணி தெளிச்சு உதிரியா எடுத்து வைங்க, ஊறப் போடக்கூடாது. துருவின தேங்காய் ஏழெட்டு, சக்கரை உங்க ருசிக்கு. ஏலக்காய் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, அந்தப் பாட்டி வருவாங்கல்ல. பாதாம் பிஸ்தா சீவி மேல தூவணும். சுத்தி வைக்க அஞ்சு வகைப் பழம், ஒரு ரோஜாப்பூ. தேங்காய் கடைசி நேரத்துல துருவச் சொல்லுங்க அம்மாகிட்ட, மும்பை வெயில்ல ஊசிப் போயிடும்.

தேதிய மட்டும் தனிமடல்ல அனுப்புங்கக்கா. மும்பை ரயில்ல டிக்கெட் இப்பவே போட்டாத்தான் உண்டு.